எடைக்கு வந்த பேர்கள்

நாகூரிலிருந்து வடக்கே வரும் பஸ் வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் சிலர் அவசரமாக இறங்குவார்கள். அவர்களுக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் கிடையாது. அங்கே பாட்டில் விலை வேறு, அவ்வளவுதான். வண்டிக்காரர்களுக்கு பெட்ரோல் விலையும் வேறு. வடக்கே பூவம், மேற்கே அம்பகரத்தூர், தெற்கே வாஞ்சூர் என மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல் என்று கிடக்கும் காரைக்காலுக்கு இந்த வித்தியாசம் நேற்று வந்ததல்ல. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலம் போக, அத்தனை வருடமும் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் வந்தபோது கடத்தல் தொழில் சற்றுப் படுத்தது. 1949இல் அது முறிந்ததும் எழுந்து உட்கார்ந்தது.

இங்கே மலிவு தேடி அலைவதை ஒரு கெட்ட பழக்கமாக யாரும் நினைப்பதில்லை. பழைய சாமான் தேடுகிறவர்களும் இந்த வம்சம்தான். ஆனால் அவர்கள் தாண்டும் எல்லை நிலத்தில் இல்லை. விற்பவருக்குத் தெரிந்ததற்கும் வாங்குபவருக்குத் தெரிந்ததற்கும் நடுவில் அது ஓடுகிறது. லாபம் முழுக்க அந்த இடைவெளியில்தான் விளைகிறது. இதைச் சொன்னால் பழைய பொருள் சேர்க்கும் நண்பர்களுக்குக் கோபம் வரும். ரசனை என்பார்கள், பாரம்பரியம் என்பார்கள். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: ரசனைக்கு முன்னால் அறியாமை இருக்கிறது, எதிராளியின் அறியாமை.

ஒரு பொருள் வீட்டை விட்டு இறங்கும் வழி எல்லாருக்கும் தெரியும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவர் இப்போது ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலோடு மூன்று சக்கர வண்டியில் வருகிறார். பேரீச்சம்பழம் போய் பிளாஸ்டிக் பக்கெட் வந்து, அதுவும் போய் ரொக்கம் வந்துவிட்டது. அவரிடமிருந்து காயலான் கடைக்கு. அங்கே இரும்பு தனி, செம்பு தனி, பித்தளை தனி, வெண்கலம் தனி என்று பிரிப்பார்கள். மூட்டை கட்டி லாரி ஏறினால் அடுத்தது உருக்கும் பட்டறை. கடைக்கும் உலைக்கும் நடுவில் சில நாட்கள்தான் ஒரு பொருள் பொருளாக இருக்கும். பிறகு எடை மட்டும்தான். தேடுகிறவனின் பிழைப்பு அந்தச் சில நாட்களில். போகிக்கு அடுத்த வாரம், ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டும் சித்திரை வைகாசி, பாகப்பிரிவினை முடிந்த வீடு, பாரிசிலிருந்து பிள்ளைகள் வந்து பூட்டிய வீட்டைத் திறக்கும் ஜூலை ஆகஸ்ட். இதுதான் இந்தத் தொழிலின் பஞ்சாங்கம்.

எதை எடுப்பது என்று கண் பழக வருடங்கள் ஆகும். பித்தளையையும் வெண்கலத்தையும் நிறத்தை வைத்து மட்டும் பிரிக்கப் பார்ப்பவன் ஏமாறுவான். சுண்டிப் பார்க்க வேண்டும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை சுருக்கமாகச் சத்தம் போட்டு அடங்கிவிடும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம் விரலை எடுத்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கும். பழைய வெண்கலப் பானையின் அடியில் தேய்மானம் ஒரு பக்கமாக இருந்தால் அது அடுப்பில் நெடுங்காலம் சாய்ந்து இருந்தது; எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் புளியும் புகையும் போட்டுக் கிழடாக்கியது. புதுச் சாமானைப் பழசாக்கும் கைவினையும் ஒரு கைவினைதான், மட்டமாக நினைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று ஈயச்சொம்பில் நடக்கிறது. தஞ்சைப் பக்கம் ரசம் வைக்க வெள்ளீயத்தில் அடித்த சொம்பு. நம் வீடுகளில் அலுமினியத்தையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பாட்டி போன பிறகு அந்தச் சொம்பு அலுமினியக் குவியலில் போய் விழுகிறது. வெள்ளீயம் செம்பைவிடவும் விலை கூடியது. கையில் தூக்கினாலே தெரியும், அலுமினியத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். விற்கிறவர்கள் தூக்கித்தான் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் தெரிவதில்லை.

சுண்டிப் பார்ப்பதற்கு முன்பே நான் தேடுவது வேறொன்று. கழுத்துக்குக் கீழே, விளிம்புக்கு அடியில், பேர் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

கல்யாணச் சீருக்கு வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டாமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. பாத்திரக் கடையிலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்பு சின்ன உளியும் சுத்தியலும், இப்போது மின்சாரத்தில் நடுங்கும் ஊசி. உளி வெட்டு புள்ளிகளாக இருக்கும், ஊசி வெட்டு கோடாக. ஒரு செம்பின் வயதைச் சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது. அப்பாவின் முதலெழுத்து, மகளின் பேர், சில சமயம் ஊர், சில சமயம் ஆண்டு. கல்யாணத்துக்கு வந்தவர் கொடுத்ததென்றால் கொடுத்தவர் பேர். மொய் நோட்டு கறையான் அரித்துப் போனாலும் குடம் அரிக்காது. இந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் பேர் முதன்முதலாக ஒரு பொருளின் மேல் நிலையாக எழுதப்பட்டது பெரும்பாலும் பாத்திரத்தில்தான். பத்திரம் ஆண் பேரில், வீட்டு வரி ஆண் பேரில், கல்வெட்டு ஆண் பேரில். அண்டாவில் மட்டும் அவள் பேர்.

அந்த அண்டா எடைக்கு வருகிறது. கடைக்காரருக்கு அந்தப் பேர் ஒரு பொருட்டில்லை, உலைக்கும் இல்லை. மறுவிற்பனைக்கு வாங்குகிறவருக்குத்தான் அது இடைஞ்சல். உள்ளூர்க்காரர் யாரும் இன்னொரு வீட்டுப் பேர் போட்ட பாத்திரத்தைத் தம் வீட்டில் வைக்க விரும்புவதில்லை. செத்தவர் பேரோ என்று ஒரு தயக்கம். திருடியதோ என்று பார்ப்பவர் நினைக்கலாம். ஆகவே அரைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். தேய்த்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். கையால் தடவினால் அகப்படும், எழுத்து மட்டும் இருக்காது. இப்படித் தேய்த்தவற்றை நான் வாங்குவதில்லை. இது கொள்கை என்றால் கொள்கை, பிடிவாதம் என்றால் பிடிவாதம்.

காரைக்காலுக்கே உரிய சாமான்களும் உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே இன்றும் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகின்றன. அந்த வீடுகளிலிருந்து பதக்கங்கள் வரும், நாடா நிறம் போய். 1893இல் ஏற்படுத்திய காலனிப் பதக்கம், முதல் உலகப் போரின்போது 1915இல் வந்த போர்ச்சிலுவை, இந்தோசீனப் போருக்கென்று 1953இல் அடித்தது. சைகோனில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டிலிருந்து முத்துச்சிப்பி பதித்த கறுப்பு மரப்பெட்டி வரும், மூடியின் மூலையில் இரண்டு மூன்று சிப்பி உதிர்ந்து. பிறகு காகிதங்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி இந்துச் சட்டத்தையோ முகமதியச் சட்டத்தையோ துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் ஒன்று சூட்டிக்கொண்டார்கள். அப்படிப் பெயர் மாறியவர்களின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, தாளின் நடுவே முத்திரை. காகிதத்துக்குக் கிலோவுக்குச் சில ரூபாய்தான் விலை.

இந்தத் துறைமுகத்திலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இப்போது முப்பாட்டன் பேரைத் தேடிக்கொண்டு இங்கே வருகிறார்கள். தேடுகிற பேர் ஒரு தாளில் இருக்கும். அந்தத் தாள் போன வருடம் வேர்க்கடலை மடிக்கப் போயிருக்கலாம். பதக்கத்தை விற்றால் விற்றுவிட்டுப் போங்கள். பதக்கத்தோடு இருக்கும் சான்றிதழைப் பிரித்து விற்பதுதான் பொறுக்க முடிவதில்லை. பிரித்தால் இரண்டு விலை கிடைக்கும் என்று ஒரு தரகர் எனக்குப் பாடம் எடுத்தார்.

காசு விஷயம் பெரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர், நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர், நடுவில் நாங்கள் பிரெஞ்சு. பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் மூன்று ராஜாங்கங்களின் செப்புக்காசுகள் கலந்து புழங்கிய கரை இது. மழைக்குப் பிறகு மணலில் அரித்துக் காசு பொறுக்கும் ஆட்கள் இன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த காசுகளில் லில்லிப் பூ இருக்கும். 1837இல் அடித்த வெள்ளிப் பணத்தில் சேவல் நிற்கும். தமிழில் ஊர்ப்பேர் பொறித்த செப்புக்காசும் உண்டு. இவற்றில் எதுவும் உங்களைப் பணக்காரராக்காது. பணக்காரராக்குவேன் என்று வருவது எல்லாம் பொய். அனுமன் படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று ஒன்று திருவிழா தோறும் விற்கிறது. கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று சொல்லி வீட்டை விற்க வைத்த கதைகள் தமிழ்நாட்டுப் போலீஸ் நிலையங்கள் தோறும் கிடக்கின்றன. இடைவெளி தலைகீழாகத் திரும்பும் இடம் இது. எதிராளிக்குத் தெரியாது என்று நினைத்துப் போகிறவன்தான் இந்த வலையில் விழுகிறான், பேராசைக்காரனைவிடச் சுலபமான இரை வேறில்லை.

இங்கே இறங்கும் நல்ல சாமான் ஊரில் தங்குவதில்லை. புதுச்சேரிக்குப் போகும், அல்லது காரைக்குடிக்கு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் பேர்பெற்றவை. செட்டிநாட்டு வீடுகள் பிரிந்தபோது இறங்கிய தேக்குத் தூண், பர்மாப் பெட்டி, சுவீடனிலிருந்து வந்த எனாமல் தூக்கு என்று அங்கே ஒரு நாகரிகமே அடுக்கி வைத்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பேர்பெற்ற இடத்துக்கு ஒரு தீமை உண்டு. எங்கிருந்து போனாலும் எல்லாம் செட்டிநாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. சைகோன் பெட்டி ஒன்று காரைக்கால் வீட்டிலிருந்து இறங்கியது எனக்குத் தெரியும். கைமாறிக் கைமாறி வேறோர் ஊர்க் கடையில் அதைப் பார்த்தபோது அதற்கு ஒரு செட்டியார் தாத்தா கிடைத்திருந்தார். பொய் சொல்லி விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரோ ஒருவர் யூகித்தார், அடுத்தவர் யூகத்தை உண்மையாகச் சொன்னார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்ட வணிகன் ஒருவன் இந்த ஊரில் இருந்தான். பெரிய புராணத்தில் வரும் பரமதத்தன். பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன மனைவி புனிதவதி இலையில் வைத்த இரண்டாவது மாம்பழம் முதல் பழத்தைப் போல இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்டான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழம் வீசிக் கொண்டாடும் கதையின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு வியாபாரியின் கேள்வி. சிவன் தந்தது என்று பதில் கிடைத்தது, ஆனால் பதிலோடு அவனால் வாழ முடியவில்லை. கப்பல் ஏறிப் போய்விட்டான். பழம்பொருள் சந்தையில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதன் காரணமும் அதுவே. விடை தெரிந்தால் பொருளைக் கையில் வைத்திருக்க முடியாமல் போகலாம்.

கோயில் சாமான் என்றால் சட்டமே அந்தக் கேள்வியைக் கேட்கும். நூறு வருடம் தாண்டிய சிற்பமும் படிமமும், எழுபத்தைந்து வருடம் தாண்டிய முக்கியமான சுவடியும் தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் அதற்கும் முந்திய 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நம் பக்கத்துப் பத்தூரில் 1976இல் தோண்டும்போது கிடைத்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கி, 1982இல் போலீஸ் பிடித்து, வழக்காகி, 1991இல் திரும்பி வந்தார். அந்த வழக்கில் இடிந்து கிடந்த கோயிலே ஒரு வாதியாக நின்றது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காரைக்கால் அம்மையாரின் சோழர்காலத் திருமேனிகளில் ஒன்று கான்சாஸ் சிட்டியில் நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, இன்னொன்று நியூயார்க்கில். மலிவாக ஒரு சிலை வருகிறது என்று உங்களிடம் யாராவது சொன்னால் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

பழசு என்றாலே நம் ஆட்களுக்கு இளப்பம் என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு என்று எங்கள் கடற்கரை ஊர்கள் அழிந்து கிடந்தபோது நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வரை சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்தது. மீனவப் பெண்கள் அதை எடுக்கவில்லை. அத்தனையும் இழந்தவர்கள், உடுத்திய புடவையோடு நின்றவர்கள், எடுக்கவில்லை. பிறகு கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு வந்து அந்தத் துணிகளைத் தரம்பிரித்து வேறு பயன்களுக்குக் கொண்டுபோனது. அதே பெண்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கைமாறிய தூக்குவாளியைப் பேரம் பேசி வாங்குவதைப் பார்க்கலாம். பேரம் பேச முடிகிற இடத்தில் பழசு அவமானம் இல்லை. கொடு என்று கேட்காமலே தலையில் கொட்டினால்தான் அவமானம். பத்து ரூபாய் குறைத்து வாங்குகிறவள் விற்பவனுக்குச் சமமாக நிற்கிறாள்.

ஆகவே பேரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது மௌனத்தை. எங்கள் ஊர்க் காயலான் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் பையிலிருந்து சொம்பு ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கடைக்கார பாய் தூக்கிப் பார்த்தார், நகத்தால் கீறினார்.

"ஏம்மா, இத எங்கேருந்து எடுத்துட்டு வந்தே?"

"மாமியாரோடதுங்க பாய். பரண்ல கெடந்துச்சு. அலுமினியந்தானே, போட்டுக்குங்க."

"அலுமினியம் இல்லம்மா, வெள்ளீயம். இதுக்கு வெல வேற. வீட்டுல சொல்லிட்டு, வேணும்னா நாளைக்கு எடுத்துட்டு வா."

அந்தப் பெண் போன பிறகு, நீங்களே வாங்கியிருக்கலாமே என்று பாயிடம் கேட்டேன். "எடையில தப்புப் பண்ணுனா அல்லா கேப்பான், வெலையில தப்புப் பண்ணுனா கேக்க மாட்டானாண்ணே?" என்றார். குர்ஆனில் அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது. சந்தைக்கு வரும் வியாபாரிகளை ஊருக்கு வெளியிலேயே மறித்து, சந்தை நிலவரம் அவர்களுக்குத் தெரிவதற்கு முன் சரக்கை வாங்கிவிடுவதை நபிமொழி தடுக்கிறது. நான் மேலே சொன்ன இடைவெளிதான், அதே இடம். குறளில் நடுவுநிலைமை அதிகாரம் கடைசியாகப் போய் நிற்பதும் வாணிகம் செய்கிறவரிடம்தான். பழம்பொருள் ரசிகர்களாகிய நாம் இதற்கெல்லாம் வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எடைக்கு வாங்குகிற பாய் உள்ளே இருக்கிறார்.

சேர்த்து வைப்பவன் விற்பவனைவிட உயர்ந்தவன் என்றும் எனக்குத் தோன்றுவதில்லை. வீட்டுக்குள் பூட்டிவைத்து, செத்த பிறகு மறுபடி எடைக்குப் போகிற சேகரங்களைப் பார்த்திருக்கிறேன். விதிவிலக்காக ஒருவரைச் சொல்லலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கத் தொடங்கினார். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர் ஒதுக்கியதையும் எடுத்தார். அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். அவர் தேடிய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. மலிவாக வாங்கியதை அவர் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டு வந்த ஆய்வாளருக்கெல்லாம் கொடுத்தார். தெரிந்ததைப் பரப்பியவர் என்பதால்தான் அந்தப் பேர் நிற்கிறது.

காரைக்காலில் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். அது வரும்போது வரட்டும். அதற்குள் செய்யக்கூடியது சின்ன வேலை. பாத்திரம் எடைக்குப் போகும் முன் அதில் வெட்டிய பேரை, ஆண்டை, எந்த வீட்டுச் சீர் என்பதைப் போனில் ஒரு படம் எடுத்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிரெஞ்சில் எழுதிய தாள் எதுவானாலும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எடைக்குப் போடாதீர்கள். பரணில் வெள்ளையாக ஒரு சொம்பு கிடந்தால் தூக்கிப் பாருங்கள். கனத்தால் அது வெள்ளீயம், அலுமினிய விலைக்குக் கொடுக்காதீர்கள். வைத்துக்கொள்வதென்றால் ரசம் வையுங்கள், ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.